கட்டிங் வேஸ்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்துக் கைவினைஞர்களின் நீண்ட வரிசை ஒன்று உண்டு. கன்னார், தச்சர், கொல்லர், ஓவியர், மண்ணால் உருச்செய்வோர், பொற்கொல்லர், தையல் தொழில் செய்யும் துன்னகாரர் என்று நீளும் அவ்வரிசையில், கிழியையும் கிடையையும் கொண்டு பலவகைப் பொருள்களைச் செய்வோரும் நிற்கிறார்கள். கிழி என்பது துணித்துண்டு. கிடை என்பது நெட்டி. வகுப்பில் இக்காதையை நடத்தும்போது, முத்தும் பவளமும் பேசப்படும் இடங்களில் நிமிர்ந்து உட்காரும் மாணவர்கள் இவ்விடத்தில் அவ்வாறு உட்காருவதில்லை. எனக்கோ இவ்விடம் நெடுங்காலமாக ஒரு வியப்பு. பொன்னை வைத்துத் தொழில் செய்தவன் நிற்கும் அதே வரிசையில், ஏறக்குறைய விலையே இல்லாத இரு பொருள்களை வைத்துத் தொழில் செய்தவனுக்கும் இளங்கோவடிகள் இடம் தந்திருக்கிறார்.

திருப்பூரில் பாடம் நடத்துபவருக்குக் கிழி என்ற சொல்லை விளக்க அகராதி தேவையில்லை. பனியன் கம்பெனிகள் இருக்கும் எந்தத் தெருவில் நடந்தாலும் அது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இங்கே அதன் பெயர் கட்டிங் வேஸ்ட். பொதுவாகப் பனியன் வேஸ்ட் என்பார்கள். ஆறு இலட்சம் பேருக்கு மேல் வேலை தரும் தொழில் என்று தொழில்துறையினர் கணக்குச் சொல்கிறார்கள். உலகின் பாதி நாடுகளுக்கு உடுப்பு அனுப்பும் இந்த ஊரில் ஒரு புது வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். துணி என்ற பொருளுக்கும் அவ்வீட்டுக்கும் உறவே இல்லை போலத் தோன்றும். கூரையில் ஜிப்சம் பலகை. அதன் ஓரங்களில் நிறம் மாறும் விளக்கு. சுவரில் செங்கல் போல அச்சிட்ட ஒட்டுத்தாள். மூலையில் ஞெகிழிப்பூ. சோபாவின் மேல் கடையில் போட்டுக்கொடுத்த கண்ணாடித்தாள் உறை, கிரகப்பிரவேசம் முடிந்து ஆறு மாதமாகியும் கழற்றப்படாமல். சன்னல் திரை மட்டுமே துணி, அதுவும் பாலியஸ்டர்.

வங்கிக் கடனில் கட்டிய வீட்டில் வாழ்பவரின் ரசனையை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. பவர்டேபிளில் உட்கார்ந்து தொடங்கி, நான்கு தையல் இயந்திரம் போட்டு, சொந்த வீடு கட்டியவரின் உழைப்பை நான் அறிவேன். நான் கேட்பது வேறு. துணியோடு விடிந்து துணியோடு அடையும் மனிதர்கள், தம் வீட்டை அணிசெய்யும்போது மட்டும் ஏன் துணியைத் தொடுவதில்லை? அழகுணர்ச்சிக் குறைவு இதற்குக் காரணம் என்று நான் நம்பவில்லை. இரண்டு காரணங்கள் இருப்பதாகக் கருதுகிறேன். ஒன்று வெட்கம், மற்றொன்று நேரம். குறைந்த செலவில் வீட்டை அழகாக்குவது பற்றி நம் வார இதழ்களும் காணொளிகளும் நாள்தோறும் தரும் அறிவுரைகள் இவ்விரண்டையும் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

அவ்வறிவுரைகளின் இயல்பு யாவரும் அறிந்ததே. பழைய பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கும். பிறகு அக்ரிலிக் வண்ணம், கண்ணாடிச் சில்லு, பசைத் துப்பாக்கி, சணல் கயிறு என்று பட்டியல் நீளும். முடிவில் கிடைப்பது எவருக்கும் பயன்படாத ஒரு பாட்டில். செலவோ கடையில் பூச்சாடி வாங்கும் விலைக்கு மேல். இல்லாத பொருளை வாங்கிச் செய்வது சிக்கனமாகாது. சிக்கனம் என்பது கைக்கெட்டும் தொலைவில் எது மிஞ்சிக் கிடக்கிறதோ அதிலிருந்து தொடங்குவது. கடற்கரையில் சிப்பி, பனங்காட்டில் ஓலை, திருப்பூரில் பின்னல்துணி.

இத்துணி எப்படி மிஞ்சுகிறது என்பதை வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வட்டப் பின்னல் இயந்திரத்திலிருந்து துணி குழாய் வடிவில் இறங்குகிறது. சாயமேற்றி, உலர்த்தி, சுருட்டி வந்த துணியைக் கட்டிங் மாஸ்டர் அடுக்கடுக்காக விரித்து, உடலுக்கும் கைக்கும் கழுத்துக்கும் வெட்டுகிறார். வளைவும் வளைவும் சேரும் இடங்களில் இடுக்கு விழாமல் தீராது. அந்த இடுக்குகள்தாம் கட்டிங் வேஸ்ட். பொதுவாக, வெட்டப்படும் துணியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இப்படிப் போகும். அது வீணாகக் கொட்டப்படுவதும் இல்லை. நிறம் பிரித்து, மூட்டை கட்டி, எடைக்கு விற்கப்படுகிறது. வெள்ளைத் துண்டுகள் இயந்திரம் துடைக்கப் பட்டறைகளுக்குப் போகின்றன. பெரும்பகுதி மீண்டும் பஞ்சாகக் கிழிக்கப்பட்டு, ஓ.இ. மில்களில் நூலாகி, விசைத்தறிகளில் போர்வையாகவும் கால்மிதியாகவும் பிறக்கிறது. ஆகவே வேஸ்ட் என்ற சொல்லே பிழை. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் அது சரக்கு. அத்துணியோடு பன்னிரண்டு மணி நேரம் இருக்கும் தொழிலாளிக்கு மட்டுமே அது வேஸ்ட்.

அதைக் கொண்டு வீட்டில் என்ன செய்யலாம்? நான் செய்து பார்த்தவற்றையும் செய்யக் கண்டவற்றையும் மட்டும் கூறுகிறேன்.

முதலாவது மிதியடி. சிங்கிள் ஜெர்சித் துணிக்கு ஒரு குணம் உண்டு. வெட்டிய விளிம்பு தானாகச் சுருளும். தைப்பவர்களுக்கு அது தொல்லை; நமக்கு அதுவே உதவி. இரண்டு விரற்கடை அகலத்தில் நாடாவாக வெட்டி இரு முனையையும் பிடித்து இழுத்தால், விளிம்புகள் உள்வாங்கிக் கயிறு போலத் திரண்டுவிடும். ரிப், இன்டர்லாக் வகைகள் இப்படிச் சுருளுவதில்லை. வாங்கும்போதே பார்த்து எடுக்க வேண்டும். நீண்ட நாடா கிடைக்காவிட்டாலும் தாழ்வில்லை. இரு நாடாக்களின் நுனியிலும் சிறு துளையிட்டு, ஒன்றனுள் ஒன்றைக் கோத்து இழுத்தால் ஊசியின்றியே முடிச்சு விழும். மூன்று கயிறுகளைச் சடையாகப் பின்னி, சுருட்டிச் சுருட்டி அடியில் தைத்தால் மிதியடி. இரண்டடிக்கு ஒன்றேகால் அடி அளவுக்கு அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை துணி பிடிக்கும். வழவழப்பான டைல்ஸ் தரையில் அது வழுக்கும். முதியோர் இருக்கும் வீட்டில் அடியில் ரப்பர் விரிப்புத் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைப்பது கட்டாயம்.

இரண்டாவது திரை. சங்கம் மருவிய காலத்து அரங்கில் மூவகை எழினி இருந்ததாக அரங்கேற்று காதை சொல்கிறது: ஒருபக்கமிருந்து இழுப்பது, இருபக்கமிருந்து வந்து பொருந்துவது, மேலிருந்து இறங்குவது. இன்றைய வீட்டுக்கும் இம்மூன்றுக்கு மேல் தேவை இல்லை. புது வீட்டில் பெருஞ்செலவு வைப்பது அலமாரிக் கதவும் சமையல்மேடைக் கதவும் ஆகும். பிளைவுட்டும் கீலும் கைப்பிடியும் ஓரிரு ஆண்டு பொறுக்கலாம். அதுவரை ஒரு கம்பியில் கோத்த எழினி போதும். கையகலத் துண்டுகளை ஒரே நிறத்தின் ஏற்ற இறக்கங்களாகத் தேர்ந்து, சதுரங்களாக வெட்டி, ஓவர்லாக் அடித்து இணைத்தால் அத்திரைக்கு ஓர் அமைதி வரும். எல்லா நிறத்தையும் கலந்தால் பொங்கல் சந்தையாகிவிடும். கருநீலம், வெளிர்நீலம், சாம்பல் என்று மூன்றோடு நிறுத்துவது நன்று.

மூன்றாவது விதானம். மாதவி ஆடிய அரங்கின் மேல் ஓவியம் எழுதிய விதானம் கட்டப்பட்டிருந்தது என்பதை அதே காதையில் படிக்கிறோம். நம் லைன் வீடுகளில் தலைக்கு மேலிருப்பது சிமெண்டுத் தகடு. சித்திரை மாதத்தில் அதன் கீழ் படுத்தவருக்கே அந்த அனல் தெரியும். வெள்ளை இன்டர்லாக் துணிகளை இணைத்து, தகட்டுக்கு ஒரு சாண் கீழே நான்கு மூலையிலும் கட்டினால், தகடு நேரே வீசும் அனலும் மேலிருந்து உதிரும் தூசியும் குறையும். ஆனால் சமையல் அறையிலும் விளக்கு ஏற்றும் மாடத்தருகிலும் இது கூடவே கூடாது. எந்த அறையிலானாலும் நெருப்பைப் பற்றிய எச்சரிக்கை வேண்டும். துணி பருத்தியா என்பதை ஒரு நூலை இழுத்துக் கொளுத்திப் பார்த்தே அறியலாம். பருத்தி காகித மணத்தோடு எரிந்து மென்சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கடினமான மணியாக உறையும். தோலில் ஒட்டினால் புண்ணாக்கும்.

இவை தவிரச் சிறுபொருள்கள் பல. நூல் சுற்றி வரும் அட்டைக் கோன் எல்.இ.டி. விளக்குக்குக் கூடாகும், எல்.இ.டி. அதிகம் சூடேறாததால் அது இயலுகிறது, பழைய குண்டு பல்புக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. துணிச்சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாயை வரிசையாக அடுக்கிக் கட்டினால் செருப்பு வைக்கும் தட்டு. சாயம் போகுமா என்று ஐயமிருந்தால், துண்டின் மூலையை வெந்நீரில் நனைத்து வெள்ளைத்துணியில் அழுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கையால் செய்ய இயலாதவற்றுக்கு அண்டை ஊர்க் கைகள் இருக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளமும் சென்னிமலைப் போர்வையும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். கூடத்தில் விரித்த ஒரு ஜமக்காளம் தரும் நிறைவை எந்த ஜிப்சம் கூரையும் எனக்குத் தந்ததில்லை.

இவ்வளவும் எளிய செய்திகள். திருப்பூரில் தையல் தெரிந்த எவருக்கும் நான் சொல்லித் தரவேண்டியதில்லை. என்னைவிட நூறு மடங்கு நன்றாகத் தைக்கக்கூடியவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் ஏன் செய்வதில்லை என்பதே வினா.

முதலில் வெட்கத்தைப் பார்ப்போம். என் மாணவி ஒருவர் முதுகலை படித்துக்கொண்டிருந்தார். அவருடைய தாய் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். புதிதாகக் குடிபோன ஓரறை வீட்டில் படிக்கும் இடத்தை மறைக்க, தாயும் மகளும் சேர்ந்து ஒரு திரை தைத்திருக்கிறார்கள். பச்சையின் ஏழெட்டுச் சாயல்கள். நான் கண்டவரையில் அத்தனை நேர்த்தியான நிறச் சேர்க்கையைப் பெருங்கடைகளில் பார்த்ததில்லை. ஊரிலிருந்து வந்த உறவினர் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, வேஸ்ட் துணியவா வூட்டுல தொங்கவுட்டிருக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார். மறுவாரமே அத்திரை கழற்றப்பட்டு, தவணைக்கு வாங்கிய பூப்போட்ட பாலியஸ்டர் திரை ஏறிவிட்டது. "அம்மாவுக்கு மனசு கேக்கலைங்க ஐயா" என்றார் மாணவி. பச்சைத்திரை மடிக்கப்பட்டுப் பரணில் இருக்கிறது.

உறவினரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒட்டுத்துணி வறுமையின் அடையாளம் என்பதை நம் இலக்கியமே நமக்குக் கற்பித்திருக்கிறது. பொருநராற்றுப்படையின் பொருநன் உடுத்திருந்தது, வேறு வேறு நூல்களால் தைத்துத் தைத்து ஒட்டுப்போட்ட, வேர்வையில் நனைந்த கந்தை. கரிகாலன் முதலில் செய்தது அதைக் களைந்துவிட்டு மெல்லிய புத்தாடை கொடுத்ததுதான். தையல் விழுந்த துணியைக் களைவதே வாழ்வு மலர்ந்ததன் அடையாளம் என்ற எண்ணம் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. பசி அறிந்த சமூகத்தில் அது இயல்பும் ஆகும். ஆனால் கந்தையை உடுத்த வேண்டிய நிலை வேறு. துண்டுகளைத் தேர்ந்து, அளந்து, நிறம் பார்த்து இணைப்பது வேறு. முன்னது இல்லாமை, பின்னது கைவினை. புகாரின் பட்டியல் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தது. நாம்தான் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறோம்.

இவ்வேறுபாட்டை உலகத்துக்கு உணர்த்திய ஓர் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவொன்றுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் கீஸ் பெண்ட் என்ற சிற்றூர். அடிமைகளாகப் பருத்திக் காட்டில் உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பழைய வேலை உடுப்புகளையும் கோணித் துண்டுகளையும் இணைத்து மெத்தைப் போர்வைகள் தைத்துவந்தார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளவும், பலகைச் சுவரின் சந்துகளில் காற்று புகாமல் மறைக்கவும் அவை பயன்பட்டன. 1966இல் அவ்வட்டாரப் பெண்கள் ஒரு தையல் கூட்டுறவை அமைத்தார்கள். 1972இல் சியர்ஸ் என்ற பெருங்கடை நிறுவனத்துக்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைத்துத் தரும் ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தது. உறை வெட்டியபோது மிஞ்சிய துண்டுகளை அப்பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று தமக்கென்று போர்வை தைத்தார்கள். ஏற்றுமதி ஆர்டரும் கட்டிங் வேஸ்டும் என்று நம் மொழியில் சொல்லலாம். 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் கீஸ் பெண்ட் போர்வைகள் சுவரில் தொங்கின. நவீன ஓவியத்துக்கு இணையானவை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலைகளாக வெளியிட்டது.

இக்கதையில் என்னைத் தொடுவது அருங்காட்சியகம் அன்று. ஒப்பந்தத்துக்குத் தைத்த தலையணை உறைகள் இன்று எங்கே என்று எவரும் தேடுவதில்லை. ஆணையின்படி, அளவின்படி, ஆயிரக்கணக்கில் தைக்கப்பட்டவை அவை. மிஞ்சிய துணியில், அளவுகோல் இல்லாமல், தம் பிள்ளைகளுக்காகத் தைத்ததில்தான் அப்பெண்களின் முகம் இருந்தது. திருப்பூரில் ஒரு தையல்காரர் தம் வாழ்நாளில் எத்தனை இலட்சம் தோள்மூட்டுகளை இணைத்திருப்பார்! அவற்றுள் ஒன்றிலேனும் அவர் விரும்பிய நிறமோ அவர் நினைத்த வடிவமோ உண்டா? தம் கைவேலையைத் தாமே பார்க்கும்படி அவர் வீட்டில் ஒரு பொருளேனும் இருக்கிறதா?

இனி நேரம். மேலே சொன்ன மிதியடிக்குத் துணிச்செலவு மிகச் சிறிது. ஆனால் நாடா வெட்டி, கோத்து, பின்னி, தைத்து முடிக்கப் பழகாத கைக்கு எட்டு மணி நேரமாகும். திரைக்கு இரண்டு முழு நாள். இந்த நேரத்தை யாரிடமிருந்து கேட்கிறோம்? திருப்பூரில் வேலை கேட்டு வருபவர் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் 'ஒன்றரை ஷிப்ட்'. காலை எட்டரைக்கு நுழைந்தால் இரவு எட்டரை. சனிக்கிழமை சம்பளம். ஞாயிறு என்பது துவைக்க, தண்ணீர் பிடிக்க, சந்தைக்குப் போக, உறங்க. கப்பலேற்றும் நாள் நெருங்கினால் அந்த ஞாயிறும் இல்லை. ஒன்றரை ஷிப்ட் இல்லையென்றால் வாடகையும் பள்ளிக்கட்டணமும் கட்ட முடியாது என்பதால், தொழிலாளர்களே அதைக் கேட்டு வாங்கும் நிலையும் உண்டு.

ஆகவே, 'நீங்களே செய்யுங்கள், செலவு குறையும்' என்ற அறிவுரை அரைக்கணக்கு மட்டுமே. அது பணத்தைக் கழித்து நேரத்தைக் கூட்டுகிறது. நேரம் மிஞ்சியவருக்கு அது நல்ல வணிகம். என்னைப் போன்று கோடை விடுமுறை உள்ள ஆசிரியருக்கு அது இனிய பொழுதுபோக்கு. பன்னிரண்டு மணி நேரம் நின்றவருக்கு அதைச் சொல்வது கேலியாகும். முந்நூறு ரூபாய்க்குப் பாலியஸ்டர் திரை வாங்குகிறவர் ரசனை இல்லாமல் வாங்கவில்லை. தமக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வுநாளை மீட்டுக்கொள்ள அந்த முந்நூறைக் கொடுக்கிறார்.

இங்கிலாந்தின் வில்லியம் மோரிஸ் இச்சிக்கலில் சிக்கியவர். 1860இல் தம் புது வீடான ரெட் ஹவுசில் குடியேறியபோது, கடைகளில் கிடைத்த எந்தப் பொருளும் பிடிக்காமல், நண்பர்களோடு சேர்ந்து சுவரோவியம், திரைச்சீலை, மேசை நாற்காலி அனைத்தையும் தாமே செய்தார். புது வீட்டைத் தம் கையால் அணிசெய்தவர்களின் வரலாற்றில் அவ்வீடு ஒரு மைல்கல். அதிலிருந்து 1861இல் ஒரு நிறுவனமே பிறந்தது. ஆனால் அது செய்த அழகிய பொருள்களைப் பெரும்பாலும் செல்வர்களால்தான் வாங்க முடிந்தது. கைவேலைக்கு நேரம் பிடிக்கும், நேரத்துக்கு விலை உண்டு என்பதே காரணம். அம்முரண்பாடு மோரிசை உறுத்தியது. 1880களில் அவர் சோசலிச இயக்கத்தில் இறங்கித் தெருமுனைகளில் பேசினார். அழகிய வீடு வேண்டுமென்றால் முதலில் உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்ற முடிவுக்கு ஒரு சுவரலங்காரக் கலைஞர் வந்து சேர்ந்தது தற்செயல் அன்று.

நமக்கும் அதே முடிவுதான் என்று நினைக்கிறேன். இந்தியாவிலேயே முதன்முதலாக மே நாள் கொண்டாடப்பட்டது சென்னையில், 1923இல், சிங்காரவேலர் தலைமையில். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வகுத்தது. 2023 ஏப்ரலில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பையும், அவ்வாண்டு மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டதையும் நாம் கண்டோம். அந்நாட்களில் நடந்த விவாதங்களில் கூலி பேசப்பட்டது, உடல்நலம் பேசப்பட்டது. எட்டு மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சும் பொழுதில் ஒரு மனிதன் தன் வீட்டுக்கு என்ன செய்துகொள்வான் என்பதை எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. நான் அதையே பேச விரும்புகிறேன். ஒரு மிதியடி பின்னும் எட்டு மணி நேரம் ஒருவரிடம் இருக்கிறதா என்பது அவர் எவ்வளவு செல்வர் என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல்.

இங்கே ஒரு மறுப்பு வரும். சுயஉதவிக் குழுக்கள் கட்டிங் வேஸ்டில் மிதியடி செய்து விற்கின்றனவே, அதை வளர்த்தால் போதாதா என்பார்கள். வளரட்டும், அதனால் அடுப்பு எரியும் வீடுகள் உண்டு. ஆனால் அது வேறு செய்தி. விற்பதற்காகப் பின்னும் மிதியடிக்கும் பீஸ் ரேட் உண்டு, அளவு உண்டு, 'இந்த நிறம் ஓடாது' என்று திருப்பி அனுப்பும் முகவர் உண்டு. அது ஒன்றரை ஷிப்டின் நீட்சியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெண் எதைச் செய்தாலும் அதைச் சுயதொழிலாக்கும் வழியைத் தேடும் பழக்கம் நம் காலத்துக்கு வந்துவிட்டது. ஒன்றையேனும் விற்காமல், எவருக்கும் காட்டாமல், தன் கண்ணுக்கென்று செய்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கட்டும்.

இத்துணித்துண்டுகளின் விலையையும் மறந்துவிடக் கூடாது. இங்கே நான் சொல்வது எடைக்கு விற்கும் விலை அன்று. அவற்றின் நீலமும் சிவப்பும் நொய்யலின் நீரைக் குடித்து வந்தவை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியதும், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதும் இவ்வட்டாரத்தின் வரலாறு. அதற்கு முன்பே சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை' நாவலில் அத்துயரத்தை எழுதிவிட்டார். ஒரு கையகலச் சிவப்புத் துண்டுக்காக ஓர் ஆறு கொடுத்த விலையை அறிந்தவர், அதை வேஸ்ட் என்று சொல்லத் தயங்குவார். அதைத் தம் சன்னலில் தொங்கவிட்டுக்கொள்வதில் ஒருவகை நன்றிக்கடனும் இருக்கிறது.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு மூன்று சிறு யோசனைகள். பல கம்பெனிகளில் வேலை முடிந்து வெளியேறும்போது வாயிலில் பையைச் சோதிக்கிறார்கள். ஒரு துண்டு வெளியே போகக்கூடாது. சரக்கு என்பதால் அக்கவலை புரிகிறது. ஆனால் மாதத்துக்கு இரண்டு கிலோ கட்டிங் வேஸ்ட், விரும்பிய நிறத்தில், தொழிலாளி தன் உரிமையாக எடுத்துச் செல்லலாம் என்று ஒரு நிறுவனம் அறிவித்தால் அதற்கு எவ்வளவு இழப்பு வந்துவிடும்? இரண்டாவது, வீட்டு உரிமையாளர்களுக்கு. லைன் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். குடிபுகும் முன்பே நீங்களே இரண்டு கொக்கியும் ஒரு கம்பியும் பொருத்திக் கொடுத்துவிடுங்கள். சுவரும் பிழைக்கும், குடியிருப்பவரும் அதைத் தம் வீடென்று எண்ணுவார். துணியலங்காரம் வாடகை வீட்டுக்கென்றே அமைந்தது. காலி செய்யும்போது மடித்து எடுத்துச் செல்லலாம். மூன்றாவது, பள்ளிகளுக்கு. 1920களிலும் 1930களிலும் தமிழகக் கதர்ப் பணியின் முதன்மையான மையங்களில் ஒன்று திருப்பூர். தக்ளி சுற்றிய வகுப்புகள் நம் பள்ளிகளில் ஒருகாலத்தில் இருந்தன. இன்று பனியன் தொழிலாளியின் பிள்ளைக்கு, தன் பெற்றோரின் தொழிலிலிருந்து தப்பி ஓட வேண்டும் என்பது மட்டுமே சொல்லித்தரப்படுகிறது. ஓடட்டும். ஓடும்முன் ஒரு பருவம், வாரம் ஒரு மணி, அத்துணியைக் கையிலெடுத்து அழகாக ஒன்று செய்து பார்க்கட்டும். தாயின் கையில் இருப்பது ஒரு கலை என்று ஒருமுறையேனும் அறிந்த பிள்ளை, அவர் தைத்த திரையைப் பரணில் ஏற்ற விடமாட்டான்.

கிழியினால் தொழில் செய்தவனைக் காப்பியத்தில் நிறுத்திய மொழி நம்முடையது. அவன் யாருக்காகச் செய்தான் என்று காப்பியம் சொல்லவில்லை. விழாவுக்கு, செல்வர் மனைக்கு, சந்தைக்கு என்று ஊகிக்கலாம். அவன் வீட்டுச் சன்னலில் என்ன தொங்கியது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இன்றைய திருப்பூரில் அதற்கு நேரான கேள்வியும் உண்டு. எட்டு மணி நேர வேலையில் வாடகை கொடுக்க முடிகிறதா? முடிந்தால், திரையைப் பற்றி அவரவரே பார்த்துக்கொள்வார்கள். நம்மிடம் எவரும் யோசனை கேட்க மாட்டார்கள்.